முதுகால் மூச்சு விட்டவர்

ஜெஸ்ஸி அப்பாவின் முதுகுக்கும் நாடாக் கட்டிலுக்கும் நடுவே வலது கையை நுழைத்து, உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து வைத்துக்கொண்டாள். குளிர்பெட்டி கொண்டுவந்த ஆட்கள் இரண்டு பேர் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் குனிந்தபடி நின்றார்கள். தூக்குவதற்கு அவர்களுக்கு ஒரு சொல் போதும். யாரும் சொல்லவில்லை.

"எக்கா, இன்னா பண்ற? கைய எடு," என்றான் தம்பி ஜான்சன்.

"கோட்டு மடிஞ்சிகினு கீதுடா. நைனாவுக்கு உறுத்தும்."

கோட்டு மடிந்திருக்கவில்லை. அவள் மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பிணத்துக்கு மூச்சு கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மூச்சை எங்கே ஒளித்துவைப்பது என்பது அவள் அப்பா மோசஸுக்குத்தான் தெரியும். நாற்பத்திரண்டு வருடமாக சினிமாவில் செத்துக்கொண்டிருந்தவர் அவர். "மாருல மூச்சு வுட்டா கேமரா கண்டுக்கும்," என்பார். "வயித்துல வுட்டா வேட்டி காட்டிக் குட்த்துரும். முதுகுல வுடணும் ஜெஸ்ஸி. கட்டிலுக்குக் குட்த்துட்டு, கட்டில்கிட்டயிருந்து திரும்ப வாங்கிக்கணும்." சின்ன வயதில் அவள் இப்படித்தான் கையை நுழைத்துப் பார்ப்பாள். மேலே முகமும் மார்பும் கல்லாகக் கிடக்கும். கீழே, யாருக்கும் தெரியாமல், அலை வந்து ஈரமணலைத் தொட்டுவிட்டுப் போவதுபோல ஒரு சூடு அவள் உள்ளங்கையில் ஏறி இறங்கும்.

இப்போது உள்ளங்கையில் கோட்டுத்துணிதான் இருந்தது. அதற்குமேல் ஒரு கனம். அவ்வளவுதான்.

கையை எடுத்துக்கொண்டாள். "தூக்குங்க," என்றாள்.

அன்று காலை ஆறு மணிக்கு அவள் குளித்துவிட்டு, தலையைத் துவட்டியபடி கூடத்துக்கு வந்தபோது அப்பா இதே கட்டிலில் இப்படியேதான் கிடந்தார். மல்லாந்து, கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி, கால் பெருவிரல்கள் ஒன்றையொன்று தொட்டபடி, முகவாய் லேசாகத் தூக்கி. கால்மாட்டில் போர்வை மடித்து வைத்திருந்தது. பழகுகிறார் என்று நினைத்தாள். முந்தாநாள் மகாபலிபுரத்துக்கு அப்பால் ஒரு சவுக்குத் தோப்பில் அவருக்கு ஷூட்டிங் இருந்தது. ஊர்ப் பெரியவர் செத்துக் கிடக்க, பாடையைத் தூக்கவிடாமல் பிள்ளைகள் சண்டை போடுகிற காட்சி. பாதி எடுத்தார்கள். மீதி நாளைக்கு. கம்பெனி கொடுத்த வெள்ளைச் சட்டையைக் கேட்டு வாங்கி வீட்டுக்கே போட்டுக்கொண்டு வந்திருந்தார். செத்தவன் சட்டையில் இஸ்திரி மடிப்பு இருக்கக்கூடாது, இரண்டு ராத்திரி அதிலேயே தூங்கி எழ வேண்டும் என்பது அவர் கணக்கு.

அவர் பழகும்போது வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கூப்பிடக்கூடாது. தொடக்கூடாது. அவராகச் சிரிக்கிறவரை காத்திருக்க வேண்டும். பிணமாக நடித்தவனை ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கவைத்து, அதையும் படம்பிடித்து, ஒரு பூசணிக்காயைச் சுற்றி உடைத்த பிறகுதான் சினிமாக்காரர்கள் வீட்டுக்கு அனுப்புவார்கள். சிரிக்காமல் எழுந்தால் சாவு கூடவே வந்துவிடுமாம். அப்பா அதை வீட்டிலும் விடவில்லை. கட்டிலில் பழகி முடித்ததும் கண்ணைத் திறந்து, உத்தரத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அப்புறம்தான் காபி.

காலையில் மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் சட்டை நுனி படபடத்தது. வழக்கமாக அவர் கண்ணைத் திறக்காமலே கத்துவார்: "ஃபேன நிறுத்துங்கப்பா, பொணம் ஆடுது!" இன்றைக்குக் கத்தவில்லை. ஜெஸ்ஸியே போய் சுவிட்சை அணைத்தாள். இறக்கைகள் மெதுவாகி நின்றன. சட்டை அடங்கியது. கூடமே அடங்கியதுபோல இருந்தது. தூரத்தில் கடல் மட்டும் கேட்டது. இன்னிக்கி நல்லா வருது நைனாவுக்கு என்று எண்ணிக்கொண்டாள். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அடுக்களையில் அம்மா ஞானம்மாள் முதுகைக் காட்டியபடி வேர்க்கடலைச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். வேலைநாளில் எதற்கு வேர்க்கடலைச் சட்னி என்று கேட்க வாயெடுத்தவள், நேரமாகிவிட்டதே என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலையின் கேன்டீனில் அவளுக்கு வேலை.

எட்டு மணிக்கு, சாம்பார் வாளியோடு நிற்கும்போது அம்மாவின் போன் வந்தது.

"ஜெஸ்ஸி, உங்க நைனா இன்னும் சிரிக்கல."

எட்டரைக்கு டாக்டர் வந்து பார்த்தார். காலையில்தான் போயிருக்கிறது, தூக்கத்தில் இதயம் நின்றிருக்கிறது என்றார்.

"எத்தினி மணிக்கு டாக்டர்?" என்று கேட்டாள் ஜெஸ்ஸி.

"அவ்ளோ கரெக்டா சொல்ல முடியாதும்மா. ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கலாம். நாலும் ஆகியிருக்கலாம்."

எட்டரையிலிருந்து நாலு போனால் நாலரை. இரண்டு போனால் ஆறரை. அவள் மின்விசிறியை அணைத்தது ஆறு மணிக்கு. ஆறு மணிக்கு அப்பா இருந்தாரா, இல்லையா? இருந்திருந்தால், மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த ஒரு மனிதனின் தலைக்கு மேலிருந்த காற்றை நிறுத்திவிட்டு, நல்லா வருது என்று மெச்சிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள் அவள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. குளிர்பெட்டியின் கண்ணாடி மூடி இறங்கி, உள்ளே ஒரு மோட்டார் உறுமத் தொடங்கியபோது, வாயைத் திறந்தால் அதுதான் முதலில் வரும் என்று பயந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

குளிர்பெட்டியில் வைப்பதற்கு முன் ஜான்சனும் பக்கத்து வீட்டுக்காரரும் உடையை மாற்றினார்கள். பட்டுக்கரை வேட்டி, கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டு. கழற்றிய வெள்ளைச் சட்டையை ஜெஸ்ஸி வாங்கி, கூடத்து ஆணியில் மாட்டினாள்.

அடுத்த பேஜாரு படத்தால் வந்தது. ஜான்சன் படூரில் கம்பெனி கார் ஓட்டுகிறவன். எதையும் சட்டுபுட்டென்று முடிக்க வேண்டும் அவனுக்கு. பேனர் அடிக்க அப்பாவின் நல்ல படம் ஒன்று கேட்டான். பரண்மேல் இருந்தன படங்கள். சட்டம் போட்டு, பிளாஸ்டிக் மாலை சாத்தி, எட்டு. சினிமாவில் செத்துப்போன தாத்தாவாக, பெரியப்பாவாக, சுவரில் தொங்கிய அப்பாவின் படங்கள். ஷூட்டிங் முடிந்ததும் செட் ஆட்கள் அவரிடமே கொடுத்துவிடுவார்கள். அம்மா அவற்றை வீட்டுக்குள் நுழையவே விட்டதில்லை. ரொம்பக் கெஞ்சியபின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி பரண்மேல் போட அனுமதித்தாள்.

ஜான்சன் ஒவ்வொன்றாகத் தூசி தட்டி இறக்கினான்.

"இதுல ஜமீன்தாரு. தலப்பா கட்டிக்கினு கீறாரு."

"அடுத்தது பாரு."

"இதுல ஏட்டு. தொப்பி."

"அது?"

"நாமம் போட்டுகினு கீறாரும்மா! பாஸ்டர் வந்தா இன்னா சொல்லுவாரு?"

அம்மா பெட்டியின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையைத் திருப்பாமல், "எதுல மோசஸ் கீறாரு, அத எடு," என்றாள்.

எதிலும் இல்லை. அப்பா அப்பாவாக நின்று எடுத்துக்கொண்ட படம் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கல்யாணப் படம் ஒரு புயல் வெள்ளத்தில் போய்விட்டது. போனில் இருந்தவற்றில் பாதி மேக்கப்போடு, மீதி தூங்கும்போது. கடைசியில் கண்ணாடி போட்ட பள்ளிக்கூட வாத்தியார் படம் தேர்வானது. பதினொரு மணிக்குத் தெருமுனையில் பேனர் ஏறியது. துக்கத்துக்கு வந்தவர்கள் அதன் கீழே நின்று, மோசஸ் எப்போது கண்ணாடி போட ஆரம்பித்தார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

பெட்டிக்கு அருகில் உட்கார்ந்திருந்த ஜெஸ்ஸிக்கு நேரம் கரைந்து கரைந்து போயிற்று. கண்ணாடியில் உள்பக்கம் பனி படியும். அப்பாவின் முகம் மங்கும். யாராவது ஈரத்துணியால் வெளியே துடைப்பார்கள். அது உள்பனியை ஒன்றும் செய்யாது. கொஞ்ச நேரத்தில் தானாகவே விலகி முகம் திரும்ப வரும். ஒவ்வொரு தடவை வரும்போதும் அது வேறு யாரோ ஒருவர்போல இருந்தது. ஏட்டு. காவல்காரர். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு சரிகிற தகப்பன்.

பத்தொன்பது வயதில் அப்பா சவுக்கு வெட்டும் கூலி. கடற்கரைக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. அலையில் பிணமாக மிதக்க வேண்டியவர் தண்ணீரைப் பார்த்து நடுங்கிப்போய் உட்கார்ந்துவிட்டார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூலிக்காரர்களில் ஒருவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நான் மிதக்கட்டுமா என்று கேட்டான். மூன்று மணி நேரம் மிதந்தான். கரையேறியபோது, சிரி, சிரி என்றார்கள். எதற்கென்று தெரியாமல் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் ஒரு ஏஜென்ட் அவனைச் சென்னைக்கு வரச்சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனை சாவு என்று அப்பாவே எண்ணவில்லை. வசனம் பெரும்பாலும் ஒரு வார்த்தை. "ஐயா." அல்லது "தண்ணி." பேர் யாருக்கும் தெரியாது, முகம் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் கண்டக்டர் சீட்டுக் கிழிப்பதை நிறுத்திவிட்டு, உங்கள எங்கயோ பாத்திருக்கேனே என்பார். ஒருமுறை கூடுவாஞ்சேரியில் ரயிலேறியபோது ஒரு அம்மாள் சட்டென்று எழுந்து இடம் கொடுத்து, "இப்ப உடம்பு எப்டி இருக்கு?" என்று கேட்டாளாம். முந்தின நாள் டிவியில் அவர் புற்றுநோயில் செத்ததைப் பார்த்திருக்கிறாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அவள் மனம் நோகக்கூடாதே என்று தாம்பரம் வரை இருமிக்கொண்டே வந்தாராம்.

ஜெஸ்ஸி ஒன்பதாவது படிக்கும்போது வகுப்பில் திங்கட்கிழமைதோறும் ஒரு கேள்வி வரும். "இந்த வாரம் உங்கப்பா எப்டிடி செத்தாரு?" கேட்டவர்களுக்கு அது விளையாட்டு. அவளுக்கு வாய் திறக்க வராது. ஒரு திங்கட்கிழமை போகவில்லை. அப்புறம் செவ்வாயும் போகவில்லை. அப்பா திட்டவில்லை. ஏஜென்டிடம் போய் இனிமேல் உயிரோடு இருக்கிற வேஷமாகக் கொடுங்கள் என்று கேட்டார். ஒரு வருடம் முழுக்க அப்பா சாகவே இல்லை. கல்யாணப் பந்திகளில் உட்கார்ந்து காலி இலையைச் சாப்பிட்டார். நீதிமன்றத்தில் பின்வரிசையில் இருந்தார். தினமும் வந்து, "இன்னிக்கி நல்லாத்தான் கீறேன் ஜெஸ்ஸி," என்பார். அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. வருட முடிவில் அவளே, "நீ போய் சாவு நைனா, உனுக்கு அதான் வருது," என்றாள். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தார்கள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இன்றைக்குத் தோன்றியது.

பன்னிரண்டு மணிக்கு முத்துசாமி வந்தார். கறுத்த பெரிய உருவம். கன்னத்தில் நிஜமாகவே ஒரு வெட்டுத் தழும்பு. சினிமாவில் வில்லனின் அடியாள். மஞ்சள் பையில் கனமாக ஏதோ வைத்திருந்தார். அதை வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து, பெட்டியின் தலைமாட்டில் நின்றார்.

"அண்ணி," என்றார் அம்மாவிடம். "இவர நான் எத்தினி வாட்டி குத்தியிருப்பேன் தெரியுமா? கத்தியால, கடப்பாறையால. கார வுட்டு ஏத்தியிருக்கேன். ஒரு வாட்டி கோச்சிக்கினது கெடயாது. குத்தி முட்ச்சதும் எந்திரிச்சி, வாய்யா முத்து டீ குடிக்கலாம்னுவாரு."

"உன்னப் பாத்தா எங்கம்மா கதவ சாத்திக்கும்," என்றாள் அம்மா. கூடத்தில் இருந்த இரண்டு பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள்.

முத்துசாமி கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் பார்வை அப்பாவின் முகத்தில் இல்லை, கோட்டுப் பொத்தான்களில் இருந்தது. அவரும் மூச்சைத்தான் தேடுகிறார் என்று ஜெஸ்ஸிக்குப் புரிந்தது.

"கெட்டிக்காரன்யா," என்று முணுமுணுத்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜான்சன் இதற்காகவே காத்திருந்தவன்போல அவரிடம் போனான். "அண்ணாத்த, ஒண்ணு கேக்கறேன். முந்தாநாள் அந்தக் கம்பெனில நைனாவ சிரிக்க வெச்சாங்களா?"

"நான் அந்தப் படத்துல இல்லப்பா."

"வெச்சிருக்க மாட்டானுங்க. வெளிச்சம் போச்சின்னு வண்டில ஏத்தி அனுப்பியிருப்பானுங்க. நாப்பத்திரெண்டு வருஷமா ஒண்ணும் ஆவல, இப்ப மட்டும் எப்டி ஆவும்?"

"டேய், நாம கர்த்தர நம்பறவங்க," என்றார் மூலையிலிருந்து ஒரு பெரியவர்.

"கர்த்தர நம்பு, வேணான்னு எவன் சொன்னான்? பூசணிக்காவும் ஒடைக்கணுமா இல்லியா?"

அம்மா அப்போதுதான் தலையைத் திருப்பினாள். "சிரிச்சாரான்னு கேட்டுச் சொல்லு ஜான்சா," என்றாள். "எனுக்கு அது தெரியணும்."

கேட்க வேண்டியிருக்கவில்லை. அரை மணியில் அந்தக் கம்பெனியிலிருந்தே ஒரு பெண் மாலையோடு வந்துவிட்டாள். கீர்த்தனா, உதவி இயக்குநர், இருபத்தைந்து வயது இருக்கும். வெயிலில் ஸ்கூட்டி ஓட்டி வந்ததில் முகம் சிவந்திருந்தது. பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "மோசஸ் தாத்தா..." என்றாள்.

ஜான்சன் எழுந்து வழியை மறித்தான். "வாங்க மேடம். சிரிப்பு ஷாட் எட்த்தீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

கீர்த்தனா அவனைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து, அவனிடம் கொடுக்காமல், நேராக அம்மாவிடம் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "எடுத்தோம் ஆன்ட்டி. நான் என் போன்லயும் எடுத்தேன்."

எல்லோரும் எட்டிப்பார்த்தார்கள். ஜெஸ்ஸியும்.

சவுக்கு நிழலில் பாடை. மூக்கில் பஞ்சோடு அப்பா. மேலே ஊசியிலைகள் ஆடின, தரையில் வெயில்புள்ளிகள் ஆடின, ஓரத்தில் யாருடைய சேலையோ ஆடியது. அப்பா மட்டும் ஆடவில்லை. "கட்" என்று ஒரு குரல். "தாத்தா, சிரிங்க." அப்பா கண்ணைத் திறந்தார். பஞ்சை எடுத்தார். நேராக இவர்களைப் பார்த்துச் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத, அகலமான சிரிப்பு. "போதும் தாத்தா." அப்பா நிறுத்தவில்லை. தோள் குலுங்கியது. பின்னாலிருந்து பூசணிக்காய் உடையும் சத்தம் வந்தது. அதற்கும் சிரித்தார்.

அம்மா மூன்று தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை முடிந்ததும் போனைத் தன் முழங்கால்மேல் கவிழ்த்து வைத்தாள்.

"சிரிச்சிட்டாரு," என்றாள். "அப்போ யாரு மேலயும் தப்பில்ல."

ஜான்சன் உட்கார்ந்துவிட்டான். திட்ட ஆள் இல்லாமல் போனதும் அவனுக்கு அழுகை வந்தது. ஜெஸ்ஸிக்கு வரவில்லை. கம்பெனியின் மேல் தப்பிருக்க வேண்டும் என்று தானும் காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இப்போது மிச்சம் இருந்தது ஒரு சுவிட்சு. கதவுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில், விரல் அழுக்குப் படிந்த வெள்ளைச் சுவிட்சு. கூடத்தில் எங்கே திரும்பினாலும் அது கண்ணில் பட்டது. குளிர்பெட்டி இருப்பதால் மின்விசிறி வேண்டாம் என்று யாரும் போடவும் இல்லை.

"மீதி ஷாட்டுக்கு இன்னாம்மா பண்ணுவீங்க?" என்று முத்துசாமி கீர்த்தனாவைக் கேட்டார்.

"முகம் தெரியாம வெச்சிக்கலாம்... பொம்மை செஞ்சிக்கலாம்னு டைரக்டர் சொன்னாரு சார்."

"பொம்மையா?" முத்துசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "பொம்மைக்கு இன்னாம்மா தெரியும்? பொம்மை பொம்மை மாரிதான் கெடக்கும். செத்த மாரி கெடக்குமா?"

கீர்த்தனா கிளம்பும்போது ஜெஸ்ஸியை வாசலுக்கு அழைத்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, தப்பா நெனக்காதீங்க. அந்த வெள்ளைச் சட்டை... அதே சட்டைதான் மீதிக்கும் வேணும். நாளைக்கு நானே வந்து வாங்கிக்கறேன்," என்றாள்.

"தொவைக்கணுமா?"

"வேணாம்க்கா. அப்டியே இருக்கட்டும்."

நாலு மணிக்கு எடுத்தார்கள். ஆலய மணி அடித்தது. ஈசிஆர் சாலையின் ஓரமாகவே ஊர்வலம் போனது. மகாபலிபுரம் போகிற கார்கள் வேகம் குறைத்துக் கடந்தன. ஒரு காரின் பின்சீட்டில் இருந்த பெண் வண்டியில் கட்டிய படத்தைப் பார்த்து, பக்கத்திலிருந்தவரின் தோளைத் தட்டி எதையோ சுட்டிக்காட்டினாள். எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று யோசித்துக்கொண்டே மகாபலிபுரம் வரை போவாள் என்று ஜெஸ்ஸி நினைத்தாள்.

கல்லறைத் தோட்டம் முழுக்கக் கடல்மணல். தோண்டத் தோண்டச் சரியும். பலகையை முட்டுக் கொடுத்துப் பிடித்திருந்தார்கள். பாஸ்டர் ஜெபம் சொன்னார். குழிக்குள் சவப்பெட்டி இறங்கியதும் பலகையை உருவினார்கள். யாரும் தள்ளாமலே மணல் தானாக, சத்தமில்லாமல், பெட்டியின் இரண்டு பக்கமும் ஓடி நிரம்பியது. ஜெஸ்ஸி ஒரு பிடி அள்ளிப் போட்டாள். வெயிலில் சூடாக இருந்தது மணல். உள்ளங்கையில் அந்தச் சூடு கொஞ்ச நேரம் நின்றது.

எல்லோரும் திரும்பும்போது முத்துசாமி மட்டும் பின்தங்கினார். மஞ்சள் பை அவர் கையிலேயே இருந்தது. கல்லறை வரை சுமந்துவந்து, பாஸ்டரைப் பார்த்து, முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். ஜெஸ்ஸி சாலையைக் கடந்தபின் திரும்பிப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில் அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பையிலிருந்து வெள்ளைப் பூசணிக்காய் ஒன்றை எடுத்து, கல்லறைத் தோட்டத்தைப் பார்த்து மூன்று முறை சுற்றி, சாலையோரத்தில் ஓங்கி உடைத்தார். அப்புறம், இருசக்கர வண்டிக்காரர்கள் சறுக்கி விழாதபடி, துண்டுகளை ஒவ்வொன்றாகக் காலால் மண்ணுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். நூறு பேரைக் கொன்ற முகத்தை வைத்துக்கொண்டு, அவ்வளவு பொறுமையாக.

ஆறு மணிக்கு வீடு காலியாகிவிட்டது. குளிர்பெட்டிக்காரர்கள் பெட்டியை எடுத்துப் போய்விட்டார்கள். ஜான்சன் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தான். கூடம் கழுவி ஈரமாக இருந்தது. நாடாக் கட்டிலை மறுபடி பழைய இடத்திலேயே போட்டிருந்தார்கள். அம்மா அதன் கால்மாட்டில், தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் மாலை வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகிக்கொண்டிருந்தது. ஆணியில் வெள்ளைச் சட்டை தொங்கியது.

ஜெஸ்ஸி காபி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

"காத்தால ஃபேன ஆஃப் பண்ணது நீதான?" என்றாள்.

ஜெஸ்ஸியின் கை டம்ளரோடு நின்றது. கடல் சத்தம் உள்ளே வந்து போயிற்று.

"ஆமாம்மா."

"எத்தினி மணி இருக்கும்?"

"ஆறு."

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு, யாரிடமோ வழி சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்:

"தண்ணி புடிக்க அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன். கோணலா ஒருக்களிச்சிப் படுத்துகினு இருந்தாரு. போர்வை கீழ கெடந்துச்சி. கால் மேல கை பட்ச்சி. சில்லுனு இருந்துச்சி."

ஜெஸ்ஸி அவள் முகத்தைப் பார்த்தாள். அம்மா கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் நேராக்கி வுட்டேன். கைய ஒட்டி வெச்சேன். கால சேத்து வெச்சேன். மோவாய கொஞ்சம் தூக்கி வுட்டேன், ஷாட்டுக்கு எப்டிப் படுப்பாரோ அப்டி. போர்வைய மட்ச்சி வெச்சேன். பாத்தா பழகற மாரியே இருந்துச்சி."

"ஏம்மா... என்ன எழுப்பல?"

"எழுப்பி?" அம்மா டம்ளரின் விளிம்பை விரலால் துடைத்தாள். "எத்தினியோ வாட்டி சில்லுனு கெடந்து எந்திரிச்சிருக்காரு. சட்னி அரைச்சா வாசனைக்காவது எந்திரிப்பாருன்னு பாத்தேன்."

தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. அதன் வெளிச்சம் சுவரில் ஊர்ந்து, சட்டையைத் தொட்டு, போய்விட்டது.

"நீ ஆஃப் பண்ணது நல்லதுதான்," என்றாள் அம்மா. "அவருக்கு சட்டை ஆடினா புடிக்காது."

ஜெஸ்ஸி வலது உள்ளங்கையை மடிமேல் மல்லாத்தி வைத்திருந்தாள். அம்மா அதைப் பார்த்தாள். தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். காபிச்சூடு இன்னும் இருந்தது அதில்.

"நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து சட்டைய வாங்கிக்கினு போயிடும் இல்ல?"

"ம்."

"புழுக்கமா கீது ஜெஸ்ஸி. ஃபேன போடு."

ஜெஸ்ஸி எழுந்து போய் சுவிட்சைப் போட்டாள். இறக்கைகள் ஒருதரம் முனகி, மெதுவாக, பிறகு வேகமாகச் சுற்றின. ஈரத்தரையில் காற்று இறங்கியது. முதலில் சட்டையின் ஒரு கை மட்டும் லேசாகத் தூக்கியது. பிறகு முதுகுப்பக்கம் காற்று புகுந்து துணி உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.